நான் ஜெயிக்க வைத்த கிளப்

"நாம என்ன ஆனோம் கண்ணு?"

திங்கட்கிழமை காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜெராக்ஸ் மெஷின் சூடேறிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடை பாய் என் மேஜை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு இப்படிக் கேட்பார். புதிதாக வந்தவர்கள் ஏதோ கோர்ட்டு கேஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டா நகல் எடுக்க வாழவந்தியிலிருந்து வந்த ஒரு பெரியவர், "பங்காளித் தகராறுங்களா?" என்று என் காதில் குசுகுசுத்தே விட்டார். பங்காளியும் இல்லை, பட்டாவும் இல்லை. வட இத்தாலியில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் கால்பந்து கிளப் நேற்று சாயங்காலம் ஜெயித்ததா தோற்றதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கிளப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போனில் தேடிப் பார்ப்பார்கள். எந்த வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். நான் எத்தனை பொய் சொன்னேன் என்றும் தெரிந்துவிடும். பாயின் பெயரையும் எழுத மாட்டேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்டேட்டுகளுக்கு ஹோஸ் பைப்பு, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், கவாத்துக் கத்தரி விற்கும் கடை அவருடையது. கடைக்குள் நுழைந்தால் ரப்பர் வாசனையும் அத்தர் வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஒரு சுவரில் மெக்கா படம். எதிர்ச்சுவரில், சுருட்டி வைத்த பைப்புகளுக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு பெரிய போட்டோ. நூற்றுக்கணக்கான துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு கொடி அதில் விரிந்திருக்கும். பிரவுன், வெள்ளை, சாம்பல் என்று பல நிறத் துண்டுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு. கடைக்கு யார் வந்தாலும் பாய் கையில் இருக்கும் அளவுகோலை நீட்டி அதைத் தொட்டுக் காட்டுவார்.

"அது என் கைலிங்க. ஆத்தூர் சந்தையில எடுத்தது."

இளவயதில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். அங்கே மெஷின் மாட்ட வந்த ஓர் இத்தாலிக்காரர் அவர் கைத்திறனைப் பார்த்துத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். பாய் இருந்த அறைக்கு எதிரே மைதானம். முதல் குளிர்காலம். பாஷை தெரியாது, பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டுப் போய் நின்றிருக்கிறார். மழையில் நனைந்த ஒரு பெரிய கொடியைத் தூக்க முடியாமல் நாலு பேர் தடுமாறிக்கொண்டிருந்தார்களாம்.

"எந்த ஊரு, என்ன சாதி, என்ன மதம், ஒண்ணும் கேக்கல கண்ணு. இந்தா, ஒரு முனையப் புடின்னாங்க. புடிச்சேன். அன்னைக்கு நாலு கோலு வாங்கித் தோத்தோம்."

பிடித்த முனையை அவர் பிறகு விடவே இல்லை. பதினோரு வருஷம் அங்கே இருந்துவிட்டு, அப்பா படுத்ததும் கடையைப் பார்க்க ஏற்காட்டுக்குத் திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, தலை நரைத்து, சர்க்கரை வந்து கண் மங்கிய பிறகும் திங்கட்கிழமையானால் அந்தக் கேள்விதான்.

தோற்றுவிட்டோம் என்று நான் சொன்னால் அவர் செய்யும் முதல் காரியம் டீ சொல்வது. எனக்கு, மெக்கானிக்குகளுக்கு, ஆரஞ்சுப் பழம் விற்கும் பெண்களுக்கு, நின்றுகொண்டிருக்கும் டிரைவர் கண்டக்டருக்கு, எல்லோருக்கும். "தோத்தாச்சுங்க, டீ குடிங்க." ஏன் எதற்கு என்று தெரியாமலே பாதிப் பேர் குடித்தார்கள். ஜெயித்தால் டீ கிடையாது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சுருட்டி வைத்த பைப்பையே அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருப்பார். ஜெயிப்பது அவருக்குக் கூச்சமான விஷயம்.

ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்ற ஒருவர், கூட ஒரு ஆள்கூட இல்லாமல் தானே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் போனார். பாய் கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்னாலேயே மூன்று நாள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஆத்திரம். "ஏனுங் பாய், உங்களுக்கென்ன கிறுக்கா? அந்த ஆளுக்கா ஓட்டுப் போடப்போறீங்க?" என்றேன்.

"ஓட்டு யாருக்குன்னு வெளிய சொல்லக் கூடாது கண்ணு. தனியாப் போறாரு, பாக்க முடியல. கூட நடந்தேன், அவ்வளவுதான்."

என் தம்பி கதையும் இதேதான். கோடை விழாவில் பள்ளிக்கூட மைதானத்தில் கால்பந்துப் போட்டி. எங்கள் வாழவந்தி டீமுக்கு அவன்தான் கோல்கீப்பர். எதிரே சேலத்து டீம். பாதி ஆட்டத்துக்குள் ஆறு கோல். மழை வேறு பிடித்துக்கொண்டது. மொத்த ஊரும் ஓடிப்போய் டீக்கடைக் கூரைக்குள் ஒண்டிக்கொண்டது. ஓடினவர்களில் கூடப்பிறந்த நானும் ஒருத்தி. மைதான ஓரத்தில் பாய் மட்டும் தொப்பலாக நனைந்தபடி கடைசிவரை கைதட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் தம்பியின் தோளைப் பிடித்துச் சொன்னார்: "ஆறு வாங்குனதுக்கப்புறமும் ஏழாவதுக்குப் பாஞ்சே பாரு சாமி, அதுக்குத்தான் நின்னேன்." ஏழாவதும் உள்ளேதான் போனது. இன்றைக்குப் பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் தம்பி அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்கவில்லை.

கிளப்பின் சரித்திரத்தை அவர் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! தோல் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப். முதலில் வெள்ளைச் சட்டைதான் தைத்தார்களாம். வேலை முடிந்து சாயக் கையோடு ஓடிவந்து மாட்டிக்கொண்டதில் ஒரே மாதத்தில் எல்லாம் பழுப்பேறிவிட்டது. வெளுக்கச் சலித்துப்போய்ப் பிரவுனையே நிறமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிளப் மூன்று தடவை செத்திருக்கிறது. ஒரு தடவை போரில். மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டுவிட்டார்கள். ஒரு தடவை தலைவராக இருந்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனதில். மூன்றாவது தடவை தொழிற்சாலைகள் படுத்ததில். அது பாய் அங்கே இருந்தபோதே நடந்தது.

இத்தாலியில் கிளப் நொடித்துப்போனால் சட்டப்படி அதோடு தீர்ந்தது. ஊர் மேயர் கூப்பிட்டு இனி யார் நடத்துவது என்று கேட்பார். அவர்கள் புதிதாகப் பதிந்து, பெயரில் ஒரு வார்த்தை மாற்றி, ஆகக் கீழ் வரிசையில் சேற்று மைதானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊரில் ஒருவரும் அந்தப் புதுப் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். ஆற்றுக்கு அக்கரையில் பெரிய பணக்கார கிளப் ஒன்று உண்டு. அந்த ஊர்க்காரர்கள் "நீங்கதான் செத்துப்போயிட்டீங்களே" என்று பாட்டுப் பாடினால் இவர்கள், "ஆமா, மூணு தடவ!" என்று எதிர்ப்பாட்டுப் பாடுவார்களாம். சொல்லும்போதே பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரித்துச் சிரித்து.

செத்துப் பிறக்கும்போதெல்லாம் கொடியும் புதிது. பழையதை மடித்து அந்த ஊர் மாதா கோயிலில் வைத்துவிடுவார்கள். புதுக் கொடிக்குக் கடையில் துணி வாங்கக் கூடாது. கூட நிற்கிறவர்கள் உடம்பில் உடுத்திப் பழகிய துணியில் ஆளுக்கொரு துண்டு வெட்டித் தர வேண்டும். பழைய கொடியிலிருந்து எடுத்து ஒட்டவும் கூடாது. நானும் இருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் மறுபடி சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, துணி வாங்க வீடு வீடாக வந்தவர்கள் முன்னால் பாய் கட்டியிருந்த கைலியின் ஓரத்தை அப்படியே கிழித்துக் கொடுத்திருக்கிறார். மேஜை விரிப்பா என்று கேட்டார்களாம்.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டோ, யாருக்கோ ரேஷன் கார்டு விண்ணப்பம் ஏற்றிக்கொண்டோ இருப்பேன். "ம்... ம்..." என்று கொட்டுவேன். காதில் விழுந்ததே தவிர புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தால் பின்னால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

பாயிடம் இருந்தது பட்டன் போன். அதனால் இத்தாலியில் அவர் கூடவே நின்ற சிநேகிதர் தன் குரலைப் பதிந்து என் போனுக்குத்தான் அனுப்புவார். "மீசை" என்றுதான் அவரைச் சொல்வார் பாய். நான் போட்டுக் காட்டுவேன். பாய் காதோரம் வைத்துக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் போனிலேயே கடகடவென்று இத்தாலி பாஷையில் பதில் பேசுவார். நகல் எடுக்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அந்த ஊருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒரே வழி நான்தான்.

போன வருஷம் ஆடி மாதம் அவருக்குக் கால் விரல் ஒன்று கறுத்துப்போய், சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து விரலை எடுத்தார்கள். அவர் அங்கே படுத்திருந்தபோது மீசையின் குரல் வந்தது. போன் அதைத் தத்துப்பித்தென்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. கடனில் மூழ்கிக் கிளப் கலைந்துவிட்டது, பதிவை ரத்து செய்துவிட்டார்கள். மீசை அழுகிறார் என்று நினைத்தேன். அதே குரலை இப்போது போட்டுக் கேட்டால் நன்றாகத் தெரிகிறது, கடைசியில் அவர் சிரிக்கிறார். "நாலு தடவை" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரு வாரம் கழித்து பாய் வந்தார். கவிழ்த்த பக்கெட்டின் மேல் கட்டுப்போட்ட காலை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். "மீசை பேசுனானா கண்ணு?" என்று கேட்டார். விரலைப் பறிகொடுத்து வந்த மனுஷனிடம் உன் கிளப்பும் போச்சு என்று எந்த வாயால் சொல்வது? "இல்லீங்க பாய்" என்றேன். புண் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அங்கே சீசன் ஆரம்பிக்கும் காலம் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நாம என்ன ஆனோம் கண்ணு?"

"டிராங்க பாய். ஒண்ணுக்கு ஒண்ணு."

நாக்கு கூசவில்லை. அடுத்த வாரம் ஜெயிக்க வைத்தேன். காலை இழுத்து இழுத்து நடக்கிறவருக்கு நல்ல சேதி சொன்னால் தெம்பு வரும் என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் பைப்பைச் சுருட்டினார். அதற்கடுத்த வாரமும் ஜெயித்தோம். எப்படி அடித்தார்கள் என்று கேட்டார். கேட்டால் சொல்ல வேண்டுமே! புதிதாக ஒரு ஆட்டக்காரன் வந்திருக்கிறான், பத்தொன்பதாம் நம்பர், இடது கால்காரன் என்று அவிழ்த்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே நாளைக்குப் பாயிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். இரக்கத்தில் ஆரம்பித்தது போய் எனக்கே குஷியாகிவிட்டது. ஒரு வாரம் பத்தொன்பதாம் நம்பருக்கு முட்டியில் அடி என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த பாய், "அந்தத் தம்பி முட்டிக்கு துவா கேட்டுட்டு வந்தேன் கண்ணு. பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். இல்லாத பிள்ளையின் இல்லாத முட்டிக்கு அந்த மனுஷன் அல்லாவிடம் கையேந்தியிருக்கிறார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் மீசையின் குரல் மறுபடி வந்தது. கிளப் பிறந்துவிட்டது. ஆகக் கீழ் வரிசையில், சேற்று மைதானத்தில், கூலி இல்லாமல் ஆடுகிறார்கள். வாராவாரம் தோற்கிறார்கள். போன வருஷத்தைவிடக் கூட்டம் அதிகம். புதுக் கொடி தைக்கிறோம், அந்த மேஜை விரிப்புக்காரனிடம் சொல்லு, ஒரு துண்டு வேண்டும், உடுத்தின துணியாக இருக்க வேண்டும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து பத்தடி நடந்து பக்கத்துக் கடைக்குப் போய், காலில் விழாத குறையாக, "பாய், நான் புளுகிட்டேனுங்க, இந்தாங்க கேளுங்க" என்று போனை அவர் காதில் வைத்திருக்க வேண்டும். பத்தடி! அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. சொன்னால் பத்தொன்பதாம் நம்பரும் முட்டியும் துவாவும் எல்லாம் வெளியே வரும். பஸ் ஸ்டாண்டே காறித்துப்பும் என்று பயந்தேன். மீசைக்கு, "அவருக்கு உடம்பு சரியில்லை, பேச முடியாது" என்று போனில் தட்டிவிட்டேன். அந்த நேரத்தில் பாய் பக்கத்துக் கடையில் நின்று கொட்டச்சேடு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரோடு ஹோஸ் வாய்க்கு என்ன கிளிப் மாட்டுவது என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள், "மீசை ஏன் கண்ணு பேசவே மாட்டேங்கறான்? நானே ரெண்டு வார்த்த பேசறேன், அனுப்பு" என்று என் போனை வாங்கிப் பேசினார். நீளமாகப் பேசினார். முடித்துவிட்டுப் போனைக் கொடுத்தார். "அனுப்பிட்டனுங்க பாய்" என்று சொல்லிக்கொண்டே அழித்தேன். அதில் அவர் என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தொடர்ந்து ஐந்தாவது வாரமும் நான் ஜெயிக்க வைத்தபோது அவர் பைப்பைச் சுருட்டப் போகவில்லை. என் மேஜை ஓரத்திலேயே நின்றார்.

"நொம்ப ஜெயிக்கறோமே கண்ணு."

"நல்லதுதானுங்களே பாய்."

"என்னமோ சரியில்ல. எவனோ கோடீஸ்வரன் வாங்கிட்டான்போல. மீசையும் அதான் வெக்கப்பட்டுட்டுப் பேச மாட்டேங்கறான். சட்டை பிரவுனாத்தான் இருக்குதா, பாத்தியா?"

"பிரவுன்தானுங்க."

"ம்" என்றார். நம்பின மாதிரி இல்லை. அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் பாய் கையால் யாரும் டீ குடிக்கவில்லை. ஆரஞ்சு விற்கும் பெண் ஒருத்தி, "பாயி இப்பல்லாம் டீயே சொல்றதில்லையே, என்னாச்சுங்க்கா?" என்று என்னையே கேட்டாள்.

தை மாசத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. நானே எழுந்து போனேன். வேறொன்றுக்கும் நடக்காத பத்தடியை அதற்கு நடந்தேன். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஸ்பிரேயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் போட்டோ இல்லை. ஆணி இருந்தது. போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது.

"எங்கீங்க பாய் படம்?"

"எடுத்துட்டேன் கண்ணு."

"ஏனுங்க?"

அவர் கையிலிருந்த வாஷரைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் நின்ன கிளப்பு வேற. இது வேற யாருதோ. ஜெயிக்கறவனுக்கு நான் எதுக்கு? அவனுக்கு ஊரே நிக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கைலி மடித்துக் கட்டிய ஒருவர் பைப்பு கேட்டு உள்ளே வந்தார். நான் அவருக்கு வழி விடுகிற சாக்கில் நழுவி வந்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு யுக்தி செய்வதாக நினைத்துக்கொண்டு நானே அவர் கடை வாசலில் போய் நின்று, "பாய், நேத்து நாலு கோலு வாங்கித் தோத்துட்டோமுங்க!" என்றேன். டீ சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அப்படியா" என்றார். "அடிவாரத்துல லோடு எறங்கிருச்சான்னு ஒரு போன் போடணும் கண்ணு." திரும்பிக்கொண்டார்.

நாற்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த கொடியின் முனையை அவர் கையிலிருந்து நான் பிடுங்கிவிட்டேன். கிளப் நாலாவது தடவை செத்தது என்று கேட்டிருந்தால் அவர் பஸ் ஸ்டாண்டுக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பார். சேற்றில் தோற்கிறார்கள் என்று கேட்டிருந்தால் நொண்டிக் காலோடு ஆடியிருப்பார். அவர் வாழ்நாளெல்லாம் எனக்குச் சொன்னது அதைத்தானே! எது அவரைக் கொன்றுவிடும் என்று நான் பயந்தேனோ, அது அவருக்குத் திருவிழா. எது தெம்பு தரும் என்று நினைத்துக் கொடுத்தேனோ, அதுதான் அவரைக் கிளப்பிலிருந்து துரத்தியது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி அடிவாரத்தைத் தொடும்போது மூச்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். காப்பிச் செடி பூத்து மலையெல்லாம் மணந்துகொண்டிருந்த வாரம் அது.

மீசைக்குச் சொல்லவே ஒன்றரை மாதம் ஆயிற்று. "இறந்துவிட்டார்" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் ஒரு போட்டோ வந்தது. புதுக் கொடி. நூற்றுக்கணக்கான துண்டுகள். நடுவில் ஓரிடத்தில் ஒன்றும் தைக்காமல் ஒரு சதுரம் விட்டிருந்தார்கள். அதன் வழியே பின்னால் இருக்கும் ஆகாயம் தெரிந்தது. கூடவே குரல். அவனுக்கு உடம்பு சரியில்லை என்றாயே, அதனால் காத்திருந்தோம். இப்போதும் பரவாயில்லை, அவன் உடுத்தின துணியில் ஒரு துண்டு அனுப்பு, தைத்துவிடுகிறோம். அப்புறம் ஒரு கேள்வி. போன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தத்துப்பித்தில்லாமல் சுத்தமாக எழுதிக் காட்டியது: நாங்கள் மறுபடி பிறந்தது அவனுக்குத் தெரியுமா?

பாயம்மா இத்தா இருந்தார். புருஷன் போன பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் வீட்டோடு இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற அந்த வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை போனேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். "வா கண்ணு, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே ஆடி மாதத்திலிருந்து ஆரம்பித்து, டிரா, பத்தொன்பதாம் நம்பர், முட்டி, அழித்த குரல், கொடி, எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் அழுகை வந்து, மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் சொன்னேன். அவர் கை கொத்தமல்லியை ஆய்வதை நிறுத்திவிட்டது. முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

"துணி ஒண்ணும் இல்லியே கண்ணு" என்றார் கடைசியில். "நாப்பதாம் நாளு எல்லாத்தையும் குடுத்தாச்சு. கொட்டச்சேட்டுல இருந்து மொளகு பறிக்கறவங்க நாலு பேரு வந்தாங்க, அவங்களுக்கு. ஒரு துண்டுகூட ஊட்டுல இல்ல."

பாயம்மாவே தொடர்ந்தார்.

"ஒரு வார்த்த அவருகிட்டச் சொல்லியிருந்தா, இடுப்புல கட்டியிருந்ததையே கிழிச்சுக் குடுத்திருப்பாரே."

"ஆமாங்க பாயம்மா. கிழிச்சிருப்பாரு."

அவர் முறத்தைக் கீழே இறக்கி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி, முப்பது வருஷமாகத் திங்கட்கிழமை தோறும் அந்த வீட்டில் புழங்கிய கேள்வியைக் கேட்டார்.

"நேத்து அவிங்க என்ன ஆனாங்க?"

"தோத்துட்டாங்க பாயம்மா. அஞ்சு கோலு." இந்தத் தடவை நான் இட்டுக்கட்டவில்லை, மீசையே அனுப்பியிருந்தது.

"அஞ்சா?" என்றார். "அப்ப அது அவரு கிளப்புத்தான். அதைக் கேட்டுட்டுப் போயிருக்கலாம் மனுசன்."

பிறகு எழுந்து, டீ போட அடுப்படிக்குப் போனார்.